ஏழரைக் குதிரை

மூன்றாம் வகுப்பு பெஞ்சில்
முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம்.
கரும்பலகையில் யாரோ அழிக்காமல் விட்ட
எட்டாம் வாய்ப்பாடு.
அதற்குப் பக்கத்தில்
இந்த வருஷம் வார்டுக்கு வந்த தொகையைக்
கவுன்சிலர் பஞ்சவர்ணம் சாக்பீஸால் எழுதினார்:
பதினெட்டு லட்சம்.

வாய்க்கால் தூர்வார என்றார்கள், எழுதினார்.
மூணு தெருவுக்கு விளக்கு, எழுதினார்.
கொசு மருந்து. நாய்.
நாயையும் எழுதினார், இடமில்லாமல் மேல்மூலையில்.
சுடுகாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி என்று
பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.
"செத்தவனுக்கு எதுக்குய்யா தொட்டி?"
"தூக்கிட்டு வந்தவன் குளிக்க வேணாமா?"
கூட்டிப் பார்த்தால் நாற்பத்தொரு லட்சம்.
எதை அழிக்கலாம் என்று கேட்டார்.
ஆளாளுக்குப்
பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதைக் கைகாட்டினோம்.

ஏழாவது பொருள் நான்.
அதாவது என் மாவு மில்.
அடுக்ககச் சங்கச் செயலாளர் சிதம்பரநாதன்
ஃபைலோடு எழுந்தார்.
காலை ஆறுக்கே சத்தமாம்.
ஜன்னல் கண்ணாடி நடுங்குதாம்.
பால்கனித் துளசிமேல் மிளகாய்த் தூள் படியுதாம்.
கடைசியாகச் சொன்னது மட்டும் உண்மை.

நகரமைப்பு ஆய்வாளருக்கு என் மகன் வயசு.
"மேடம், உங்க இடம் மஞ்சள்ல வருது.
மஞ்சள்னா குடியிருப்பு.
அஞ்சு குதிரைத்திறன் வரைக்கும்தான் விடுவாங்க.
உங்க மோட்டார் எத்தனை?"

"ஏழரை."

பள்ளிக்கூடமே சிரித்தது.
சிதம்பரநாதன் கூடச் சிரித்துவிட்டார்.
சனி பிடித்தால் ஏழரை வருஷத்தில் விட்டுவிடும்;
அந்த மோட்டார்க் கடன் என்னை விட
ஒன்பதானது.

வரைபடத்தை மேஜையில் விரித்தான்.
நாலு முனைக்கும் நாலு டம்ளர், டீயோடு.
அதுவரை கத்திக்கொண்டிருந்தவர்கள்
கத்தலை விட்டுவிட்டு
அவரவர் வீட்டைத் தேட ஆரம்பித்தோம்.
பெருமாள் கோயிலுக்கு இடப்பக்கம் மூணாவது,
இல்லை, அது ரேஷன் கடை,
கோயிலை வைத்துப் பார்க்காதே, ரோட்டை வைத்துப் பார்.
என் மில் அகப்பட்டது.
கட்டைவிரலை வைத்தேன்.
மஞ்சள்தான்.

சிதம்பரநாதன் கண்ணாடியை மாற்றிப் போட்டார்.
மஞ்சளில் தேடினார்.
சிவப்பில் தேடினார்.
பையன்தான் பேனா மூடியால் காட்டினான்.
நீலம்.
கரையைத் தாண்டி நன்றாக உள்ளே,
கலுங்குக்குப் பக்கத்தில்.
கூத்தன் கண்மாய் என்று சாய்த்து எழுதியிருந்ததே,
அதில் மூணு சுழி 'ண்',
நடுச்சுழி அவர் வீடு.

"இது பழைய மேப்பு சார்" என்றான்
யாரும் கேட்காமலே.

போன ஐப்பசியில் அவர்கள் பார்க்கிங்கில்
கெண்டை பிடித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.
நாக்கு நுனிவரை வந்தது.
வாரம் மூணு கிலோ கோதுமை
அந்த வீட்டிலிருந்து வருகிறது.
விழுங்கிக்கொண்டேன்.

அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கலாமா என்றார் பஞ்சவர்ணம்.
டீ ஆறிப்போச்சு என்றார் ஒருவர்.
இரண்டில் முதலாவது மட்டும்
தீர்மானப் புத்தகத்தில் ஏறியது.

சுருட்டப்போன பையன் நின்றான்.
நான் விரல் வைத்த இடத்தில்
வெள்ளையாய் ஒரு ரேகை.
ஊதினான். கைக்குட்டையால் தட்டினான்.
இடியாப்ப மாவு. அவ்வளவு லேசில் போகாது.
வரைபடத்தின் ஓரத்தில் கட்டம் கட்டி
எந்த நிறத்துக்கு என்ன என்று போட்டிருந்தது.
வெள்ளைக்கு ஒன்றும் போடவில்லை.

மறுநாள் ஆறரைக்குத்தான் மோட்டாரைப் போட்டேன்.
அரைமணி அவர் கணக்கு.
மிளகாய் நாளென்பதால்
தெருப்பக்க ஜன்னலுக்கு ஈரச்சாக்கு கட்டினேன்.
காயக் காய நனைக்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் மாவு வாங்க வந்த
மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டேன்,
போர்டில் என்ன இருக்கு என்று.
டீச்சர் எல்லாத்தையும் அழிச்சிட்டாங்களாம்.
எட்டாத மூலையில்
நாய் மட்டும் இருக்காம்.